மேசைப் பந்தாட்டத்தில் நிற்கும் இடம்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் விளையாட்டுப் பயிற்சி முகாமில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியர் ஒருவர் மேடையேறினால் கல்வியின் மேன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்குவார் என்று அஞ்சி, பின்வரிசை மாணவர்கள் சிலர் இப்போதே சுவரில் சாய்ந்துவிட்டார்கள். அஞ்ச வேண்டாம். அப்பணியை எனக்கு முன் பேசிய பெரியோர்கள் செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மேசைப் பந்தாட்டத்தில் சர்வீஸ் போடும்போது எங்கே நிற்பது, எதிராளியின் சர்வீஸை எதிர்கொள்ளும்போது எங்கே நிற்பது என்பதே அது.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு பழைய கடனே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியிலிருந்து நான்கு பிள்ளைகளை வட்டார அளவிலான போட்டிக்கு அழைத்துச் சென்றேன். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் அப்போது காலியாக இருந்தமையால், கல்லூரி விடுதியில் ஓரளவு ஆடிப் பழகிய நானே அவர்களுக்குப் பயிற்சி அளித்திருந்தேன். "மேசையின் நடுக்கோட்டுக்கு நேரே நில், அங்கிருந்தால் இரண்டு பக்கமும் சம தூரம்" என்பது நான் அவர்களுக்கு மீண்டும் மீண்டும் சொன்ன பாடம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கைவேகத்தில் எங்கள் பள்ளியில் அவளுக்கு இணை எவரும் இல்லை, முதல் ஆட்டத்திலேயே மூன்று செட்டுகளையும் இழந்தாள். எதிரே ஆடிய பெண் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இடப்பக்க மூலைக்குக் குறுக்கே ஒரு நீண்ட சர்வீஸ். அடுத்தது வலப்பக்கம் வலையருகே ஒரு குட்டை சர்வீஸ். அவ்வளவுதான். எங்கள் மாணவி முதலாவதற்கு எட்டிக் கை நீட்டுவாள். இரண்டாவதற்கு ஓடி மேசை மீது சாய்வாள். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "நீங்க சொன்ன இடத்துலதான சார் நின்னேன்?" என்று கேட்டாள். அவள் குறை சொல்லவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் விடை இல்லை. நான் பட்டப்படிப்பில் பயின்றது கணிதம் என்பதையும் இங்கே வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

அன்றிரவு வீடு திரும்பியதும் ஒரு தாளில் மேசையை வரைந்தேன். அதன் நீளம் 274 செ.மீ., அகலம் 152.5 செ.மீ. வலக்கையால் ஆடுகிற ஓர் எதிராளியை எடுத்துக்கொள்வோம். அவர் பெரும்பாலும் தமது இடப்பக்க மூலையில் நின்றே சர்வீஸ் போடுவார். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அவருக்கு இடப்பக்கமாக உள்ள மூலை, எதிரே நிற்கும் உங்களுக்கு வலப்பக்கமாக அமையும். அந்த மூலையிலிருந்து உங்கள் பக்கத்து இரு மூலைகளுக்கும் இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். ஒரு நூல் பக்கக்கோட்டை ஒட்டி நேராக உங்கள் வல மூலைக்கு வரும். மற்றொன்று மேசையைக் குறுக்கே கடந்து உங்கள் இட மூலைக்கு வரும். மூலைகளோடு நிறுத்திவிடாமல், நீங்கள் நிற்கும் இடம் வரை நூல்களை அதே திசையில் நீட்டுங்கள். பந்து மேசையில் பட்ட பின்பும் பயணம் செய்கிறதல்லவா?

மேசை விளிம்பிலிருந்து 60 செ.மீ. பின்னால் நீங்கள் நிற்பதாகக் கொண்டால், அவ்விடத்தில் இரு நூல்களுக்கும் இடைப்பட்ட அகலம், ஒத்த முக்கோணங்களின் கணக்குப்படி ஏறத்தாழ 186 செ.மீ. ஆகும். மேசையின் அகலத்தைவிட 33 செ.மீ. மிகுதி. அந்த மிகுதி முழுவதும் உங்கள் இடப்பக்கத்திலேயே இருக்கிறது. வலப்பக்கத்தில் ஒரு விரற்கடைகூட இல்லை. ஆகவே அந்த அகலத்தின் நடுப்புள்ளி, நடுக்கோட்டிலிருந்து 17 செ.மீ. இடப்புறம் தள்ளி விழுகிறது. மறுநாள் பத்தாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு சணல் கட்டி அளந்தும் பார்த்தோம். கணக்குப் புத்தகத்தில் வருகிற முக்கோணத்துக்கு வெளியில் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அவர்கள் அன்றுதான் நம்பினார்கள்.

நூல்கள் சொல்வது இத்துடன் முடியவில்லை. முன்கை அடிக்கும் புறங்கை அடிக்கும், அதாவது ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும், எல்லையாக இருப்பது உங்கள் மூக்கு அன்று. மட்டை பிடித்த கையின் முழங்கை. அதற்கு நேரே வரும் பந்துக்கு எந்த அடியை அடிப்பது என்று உடல் தயங்கும். மேலும், முன்கைப் பக்கம் எட்டும் தூரம் புறங்கைப் பக்கம் எட்டும் தூரத்தைவிட அதிகம். ஆகவே அந்த நடுப்புள்ளிக்கு நேரே முழங்கைதான் இருக்க வேண்டுமே தவிர, மார்பு இருத்தலாகாது. வலக்கைக்காரரின் உடல் இதனால் இன்னும் ஒரு சாண் இடப்புறம் நகர்ந்துவிடும். முடிவில் பார்த்தால், அவருடைய இடக்கால் ஏறத்தாழ மேசையின் இடப்பக்க விளிம்புக்கு நேரே போய் நிற்கிறது. உலக வீரர்கள் ஆடும்போது தொலைக்காட்சியில் பாருங்கள். எதிர்கொள்பவர் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பதுபோலத் தோன்றும். அவர் ஒதுங்கி நிற்கவில்லை. தமக்குரிய நடுவில்தான் நிற்கிறார்.

எதிரே இடக்கைக்காரர் வந்தால் இக்கணக்கு கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறிவிடும். அவர் தமது வல மூலையில் நிற்பார். அது உங்கள் இடப்பக்கம். விசிறி உங்கள் வலப்பக்கம் விரியும். அப்போது வலக்கைக்காரர் மேசையின் நடுவை நோக்கி நகர்ந்துவிட வேண்டும். நான் அந்த மாணவிக்குச் சொன்ன பாடம் அப்போது மட்டும் ஏறக்குறையச் சரியாக இருந்திருக்கும்! சர்வீஸ் போடுபவர் நடுவுக்கோ மறு மூலைக்கோ இடம் மாறினாலும் நீங்கள் மாற வேண்டும். அவர் போய் நிற்கும் இடத்தைப் பார்த்த பிறகே உங்கள் கால்கள் ஊன்றப்பட வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் தாங்கள் முதலில் நின்றுவிட்டுப் பிறகு எதிராளியைப் பார்க்கிறார்கள்.

இனி, மேசையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. மட்டையோடு கையை நீட்டினால் மட்டையின் நுனி மேசை விளிம்பைத் தொட வேண்டும். தொடக்க நிலையில் அதுவே போதுமான அளவு. கால்கள் தோளின் அகலத்தைவிடச் சற்று அகன்று, வலக்கைக்காரருக்கு வலக்கால் அரைப் பாதம் பின்வாங்கி, முழங்கால்கள் மடங்கி, உடலின் பாரம் குதிகாலில் தங்காமல் முன்பாதத்தில் நிற்க வேண்டும். மட்டை மேசையின் மட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது.

இத்தூரத்தைப் பற்றி நான் தனியே பேசுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பள்ளியில் மேசை போடப்பட்டிருப்பது பழைய ஆய்வக அறையில். மேசையின் இரு முனைகளிலிருந்தும் சுவர் நான்கு அடி தூரம்கூட இல்லை. அந்த அறையில் பயின்ற பிள்ளைகள் நீண்ட வேகமான பந்து வரும்போது பின்வாங்கியதே கிடையாது. வாங்கினால் முழங்கை சுவரில் இடிக்கும். உலக அளவிலான போட்டிகளில் ஒரு மேசைக்கு 14 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட இடம் ஒதுக்கப்படுகிறது. வட்டாரப் போட்டி நடந்த மண்டபத்தில் அவ்வளவு இல்லை என்றாலும் ஐந்தாறு அடி தாராளமாக இருந்தது. எங்கள் பிள்ளைகளோ அங்கும் பின்னால் ஒரு சுவர் இருப்பதாகவே எண்ணி ஆடினார்கள். சில ஊர்ப் பிள்ளைகளிடம் இதற்கு நேர்மாறான பழக்கத்தைக் காண்கிறேன். மைதானத்து சிமெண்ட் மேசையில், பெரிய மாணவர்கள் ஆடி முடிக்கும் வரை காத்திருந்து, எட்ட நின்று பந்து பொறுக்கிப் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். தங்கள் முறை வந்த பிறகும் மேசையை நெருங்காமல் இரண்டு எட்டு தள்ளியே நிற்கிறார்கள். குட்டை சர்வீஸ் ஒன்று போட்டால் போதும், அவர்கள் கதை முடிந்தது. பெற்றோர்களும் மாலை வகுப்பு ஆசிரியர்களும் இதைக் கவனித்து, "அருகில் போ, அருகில் போ" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

குட்டை சர்வீஸ் என்றேன். உங்கள் பக்கத்தில் இரண்டு முறை துள்ளக்கூடிய அளவுக்கு வலையருகே விழும் பந்து அது. உங்கள் வலப்பக்கம் அப்படி விழுந்தால், கையை மட்டும் நீட்டக் கூடாது. வலக்கால் மேசைக்கு அடியில் ஓர் எட்டு நுழைய வேண்டும். கால் போன பிறகு கை தானே போகும். இதைப் பலர் செய்துவிடுகிறார்கள். செய்யாமல் விடுவது அடுத்ததை. பந்தைத் தட்டிவிட்டு அங்கேயே சாய்ந்தபடி அதன் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த பந்து நெஞ்சுக்கு நேரே வந்து சேரும். நுழைந்த கால் பந்தைத் தட்டிய அடுத்த கணமே வெளியே வந்து, பழைய நிலையில் ஊன்ற வேண்டும். பயிற்சியின்போது நான் பந்தைப் பார்ப்பதில்லை. அந்த வலக்காலையே பார்க்கிறேன்.

பிற்காலத்தில் புறங்கையால் எதிர்கொள்ளும் ஒரு முறை பரவியது. செக் நாட்டு வீரர் பீட்டர் கோர்பெல் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. வாழைப்பழம் போல் வளைந்து செல்வதால் ஒரு வாழைப்பழ வணிகப் பெயரைக் கொண்டே அதை 'சிக்கிட்டா' என்று அழைக்கிறார்கள். 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டமும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கமும் வென்ற சீன வீரர் ஜாங் ஜிக்கே அதை ஒரு பெரும் ஆயுதமாக்கினார். வலப்பக்கம் விழும் குட்டைப் பந்துக்குக்கூட வீரர்கள் குறுக்கே நுழைந்து புறங்கையால் சுழற்றி அடிக்கிறார்கள். பார்ப்பதற்கு வியப்பாக இருக்கும். ஆனால் அதை அடித்தவர் தமது இடப்பக்கம் முழுவதையும் திறந்துவிட்டு வந்திருக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். திரும்பிப் போகும் கால்கள் பழகிய பிறகு அதைப் பழகலாம்.

இனி சர்வீஸ் போடுபவரின் இடத்துக்கு வருவோம். இங்கே முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பிள்ளைகள் இருவர் சட்டம் தெரியாமலும் புள்ளி இழந்திருக்கிறார்கள். பந்து விரிந்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய செங்குத்தாக, குறைந்தது 16 செ.மீ. உயர எறியப்பட்டு, கீழிறங்கும்போது அடிக்கப்பட வேண்டும். தொடக்கம் முதல் அடிக்கும் கணம் வரை பந்து மேசை மட்டத்துக்கு மேலும், கடைக்கோட்டுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். கவனியுங்கள்: சட்டம் பந்தைப் பற்றித்தான் பேசுகிறது, கால்களைப் பற்றிப் பேசவில்லை. பக்கக்கோட்டைத் தாண்டி வெளியே நின்றும் சர்வீஸ் போடலாம். ஆனால் எறிந்த உடனே, எறிந்த கை பந்துக்கும் வலைக்கும் இடையிலிருந்து விலகிவிட வேண்டும். எதிராளியின் கண்ணிலிருந்து பந்தைத் தோளோ உடலோ சட்டையோ மறைத்தலாகாது.

நான் ஆடிப் பழகிய காலத்தில் இப்படி இல்லை. அப்போது 21 புள்ளிகள், ஆளுக்கு ஐந்தைந்து சர்வீஸ்கள், 38 மி.மீ. பந்து. மட்டை பந்தைத் தொடும் கணத்தை உடலால் மறைப்பதை ஒரு கலையாகவே வைத்திருந்தோம். 2000இல் பந்து 40 மி.மீ. ஆயிற்று, 2001இல் 11 புள்ளிகளும் இரண்டிரண்டு சர்வீஸ்களும் வந்தன, 2002இல் மறைப்பு தடை செய்யப்பட்டது. அந்தப் பழைய நிலையை இன்றும் சில அண்ணன்மார்கள் ஊர்களில் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் தண்டனை சிறுவனுக்கு.

நடுவர் கண்டிப்பானவராக இருந்தால் உலக வீரரும் தப்புவதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் சீனத்தின் டிங் நிங் சர்வீஸ் குற்றங்களுக்காகப் புள்ளிகளை இழந்தார். மனம் கலங்கி, தம் நாட்டவரான லி சியோசியாவிடம் தோற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் அதே லி சியோசியாவை இறுதியில் வென்று தங்கம் பெற்றார் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இக்கதை பிள்ளைகளை அச்சுறுத்திவிடும்.

வலக்கைக்காரர் ஏன் இட மூலையில் நிற்கிறார்? அங்கிருந்து முன்கையால் சர்வீஸ் போட்டால், திரும்பி வரும் பந்து மேசையின் எப்பகுதிக்கு வந்தாலும் பெரும்பாலும் அவருடைய முன்கைப் பக்கமே இருக்கும். பலருக்கு வலிமையான அடி அதுதான். சர்வீஸ் முதல் பந்து, எதிராளி திருப்புவது இரண்டாம் பந்து, உங்கள் தாக்குதல் மூன்றாம் பந்து. நிற்கும் இடம் மூன்றாம் பந்தை எண்ணித்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

முன்கை சர்வீஸுக்கு இடக்கால் முன்னும் வலக்கால் பின்னுமாக, உடல் மேசைக்குப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அந்நிலையில் சர்வீஸ் போடலாமே ஒழிய வேறு எதையும் ஆட முடியாது. பந்தை அடித்ததும் இடுப்பு திரும்பி, வலக்கால் சுற்றி வந்து, இரு கால்களும் மேசையை நோக்கி ஊன்றிவிட வேண்டும். எதிராளியின் மட்டையில் பந்து படுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் சர்வீஸின் சுழற்சிக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள்; இந்த ஒரு திருப்பத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை. இத்திருப்பம் வராத புதியவர்களுக்கு நான் புறங்கை சர்வீஸையே முதலில் கற்பிக்கிறேன். அதில் உடல் தொடக்கத்திலேயே மேசையை நோக்கி இருப்பதால் மீள்வது எளிது.

எங்கே மீள்வது என்பதும் ஒன்றே அன்று. பந்தை நீங்கள் எங்கே போட்டீர்களோ, அங்கிருந்து மீண்டும் அந்த இரண்டு நூல்களைக் கட்டுங்கள். எதிராளியின் முன்கைப் பக்கம் வலையருகே போட்டிருந்தால், அவர் அதைக் குறுக்கே தட்டி உங்கள் வலப்பக்கம் வெகு அகலத்துக்கு அனுப்ப முடியும். ஆகவே இட மூலையில் நிலைத்து நின்றுவிடாமல் வலப்புறம் ஓர் எட்டு வர வேண்டும். அவருடைய புறங்கை மூலைக்கு நீளமாகப் போட்டிருந்தால், குறுக்கே வரும் பந்து உங்கள் இடப்பக்கத்துக்கே வரும். இடப்புறமே இருந்து, அரை எட்டு பின்வாங்குங்கள். நீண்ட சர்வீஸுக்கு நீண்ட பதில் வரும். குட்டை சர்வீஸுக்குப் பின் மேசையை விட்டு அகலாதீர்கள்.

இரட்டையர் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே சர்வீஸ் வலப்பாதியிலிருந்து எதிரணியின் வலப்பாதிக்கே செல்ல வேண்டும். எதிர்கொள்பவர் பாதி மேசையை மட்டும் காத்தால் போதும் என்பதால், துணிந்து நெருங்கி நிற்கலாம். ஆனால் இருவரும் மாறி மாறியே அடிக்க வேண்டுமாகையால், அடித்தவர் உடனே விலகித் துணைவருக்கு வழிவிட வேண்டும். ஒருவர் வலக்கையும் மற்றவர் இடக்கையும் ஆனால் இந்த நெருக்கடி பாதி குறையும்.

கால்களால் நகர இயலாதவர் எங்கே நிற்பது என்று ஒரு மாணவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுபவருக்குப் போடும் சர்வீஸ், அவர் பக்கத்தில் பட்ட பின் பக்கக்கோட்டின் வழியே வெளியேறினால் அது செல்லாது. மீண்டும் போட வேண்டும். எட்ட முடியாத விசிறியைச் சட்டமே சுருக்கித் தருகிறது. மீதியை ஆடுபவர் தம் நாற்காலியை நிறுத்தும் இடத்தாலும் கைவேகத்தாலும் காக்க வேண்டும். குஜராத்தைச் சேர்ந்த பவினா பட்டேல், 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் அவ்வாறு ஆடித்தான் வெள்ளிப் பதக்கம் வென்றார். நம் கழகத்துப் பிள்ளைகளில் அப்படி எவரேனும் இருந்தால், தயங்காமல் மேசைக்கு அழைத்து வாருங்கள், இம்முகாமிலேயே தொடங்கலாம்.

பேச்சு போதும். பின்னால் இரண்டு மேசைகள் போடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் சணல் கட்டச் சொல்லியிருக்கிறேன். தரையில் சுண்ணக்கட்டியால் 60 செ.மீ. கோடும் வரைந்தாயிற்று. முதலில் சணலோடு நின்று பாருங்கள். பிறகு சணலை அவிழ்த்துவிட்டு அதே இடத்தைக் கண்ணாலேயே கண்டுபிடியுங்கள். நான் முன்னே சொன்ன அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்று உங்களுக்குச் சர்வீஸ் போட்டுக்கொடுக்க வந்திருக்கிறாள். இடக்கைக்காரர்கள் மூவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் முதல் மேசைக்கு வரட்டும்.